அரியரில் தடுமாறும் கல்லூரிப் பெண்ணுக்குப் படிப்பு, வேலை பற்றி வழி சொல்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

"அவகிட்ட நீ கொஞ்சம் பேசிப் பாரேன், நீ சொன்னா கேப்பா" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் இது உங்களுக்கு. நீங்கள் அக்காவாக இருக்கலாம், சித்தியாக இருக்கலாம், பக்கத்து ஃபிளாட்டில் ஐடி வேலையில் இருப்பவராக இருக்கலாம், கல்லூரியில் மென்ட்டராகப் போடப்பட்ட புது உதவிப் பேராசிரியராகக்கூட இருக்கலாம்.

புதிதாக இதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். உட்கார்ந்த உடனே "இசிஇ-க்கு (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) இப்ப ஸ்கோப் இல்லம்மா, பேசாம பைத்தான் படி" என்று வேலையிலிருந்து ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு நாலைந்து அரியர், ரிசல்ட்டை வீட்டில் முழுசாகச் சொல்லவில்லை, ராத்திரி தூக்கம் இல்லை. அவளிடம் போய் ஸ்கோப் பற்றிப் பேசினால் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விடுவாள். முதலில் ஏன் தோற்கிறாள் என்று கண்டுபிடிக்க வேண்டும், அப்புறம் விதிகள், அதற்கப்புறம் டிகிரியைத் தொடர்வதா என்ற முடிவு, கடைசியில்தான் வேலை. கீழே உள்ள படிகளை இந்த வரிசை மாறாமல் செய்யுங்கள்.

எண்கள் எல்லாம் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 2021 ரெகுலேஷன் (பாடத்திட்டம், தேர்வு விதிகளின் தொகுப்பு) படிக்கும் பி.இ. மாணவிக்கானவை, சென்னையில் அதிகம் பார்ப்பது அவர்களைத்தான். தன்னாட்சிக் கல்லூரி, நிகர்நிலைப் பல்கலைக்கழகம், கலை அறிவியல் கல்லூரி என்றால் எண்கள் மாறும், வரிசை மாறாது.

1. பேச உட்காருவதற்கு முன் காகிதங்களைச் சேருங்கள்

இதுவரை வந்த எல்லா செமஸ்டர் ரிசல்ட்டும் வேண்டும், மார்க் ஷீட் வராவிட்டால் ஸ்கிரீன்ஷாட் போதும். ஒவ்வொரு தாளின் இன்டர்னல் மதிப்பெண் (கல்லூரியிலேயே போடுவது), வருகைப் பதிவு சதவீதம், 10, 12-ஆம் வகுப்பு மதிப்பெண் ஆகியவையும் வேண்டும். முதல் பட்டதாரி சலுகை, புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய், கல்விக் கடன் என்று எது இருந்தாலும் அந்த விவரமும் வேண்டும்.

வாய்வார்த்தையாகக் கேட்டால் கணக்கு சரியாக வராது என்பதால்தான் இவ்வளவும். பயந்த பெண் ஆறு அரியரை நாலு என்பாள், நொந்துபோன பெண் "எல்லாமே போச்சு" என்பாள். எடுத்துப் பார்த்தால் மூன்றுதான் இருக்கும். கல்விக் கடனை ஏன் முன்கூட்டியே கேட்கிறேன் என்றால், வழக்கமாகப் படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை தொடங்கும். பாதியில் நிறுத்தினால் அந்த அவகாசம் என்ன ஆகும் என்று வங்கிக் கிளையில் கேட்காமல் "விட்டுடு" என்று யாரும் சொல்லக் கூடாது.

2. அவளிடம் தனியாகப் பேசுங்கள், படிப்பைப் பற்றிக் கேட்காமல்

வீட்டு ஹாலில், அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பெண்ணும் உண்மை சொல்ல மாட்டாள். வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். பெசன்ட் நகர் கடற்கரை, கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலக வளாகம், இல்லையென்றால் பக்கத்துத் தெரு டீக்கடை, எதுவானாலும் பரவாயில்லை.

"ஏன் படிக்கல?" என்று கேட்காதீர்கள், அதற்கு "இனிமே படிக்கிறேன்" என்பதைத் தவிர பதில் வராது. "காலையில எழுந்ததுல இருந்து ராத்திரி படுக்கறவரை நேத்து என்னென்ன பண்ணே, அப்படியே சொல்லு" என்று கேளுங்கள். தாம்பரம் பக்கத்தில் இருக்கும் ஒரு பெண் இப்படிச் சொல்லச் சொல்லத்தான் விஷயம் வெளியே வந்தது: அஞ்சு மணிக்கு எழுந்து, தம்பிக்கும் சேர்த்து டிபன் கட்டி, ஆறேகாலுக்குக் காலேஜ் பஸ், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீடு, பாட்டிக்கு முடியாததால் ராத்திரி சமையலிலும் பாதி அவள் தலையில். புத்தகத்தைத் திறக்கும்போது மணி பத்து. வீட்டில் எல்லோரும் "எப்பப் பாரு ஃபோன்" என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

முதலிலேயே ஒரு வாக்கு கொடுங்கள்: அவள் சம்மதம் இல்லாமல் வீட்டில் எதையும் சொல்ல மாட்டீர்கள், உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் சொல்வீர்கள். அந்த விதிவிலக்கையும் வெளிப்படையாகவே சொல்லிவிடுங்கள்.

சாப்பாடு குறைந்திருக்கிறது, தோழிகளைத் தவிர்க்கிறாள், "நான் இல்லன்னா எல்லாருக்கும் நிம்மதி" என்கிற மாதிரிப் பேச்சு வருகிறது என்றால், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். ஆம் என்றால் அந்த நிமிடமே அரியர் பேச்சை நிறுத்திவிட்டு, அவளைத் தனியாக விடாமல், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கோ, சென்னையில் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் ஸ்நேகா அமைப்பின் 044-24640050-க்கோ அழையுங்கள், மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த வழிகாட்டியின் மீதி எல்லாம் காத்திருக்கும்.

3. மார்க் ஷீட்டை வரி வரியாகப் படியுங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இது. பெரும்பாலானவர்கள் அரியரை எண்ணுவதோடு நிறுத்திவிடுவதால் இங்கேதான் விஷயம் நழுவிப் போகிறது.

எந்தெந்தத் தாள், எந்த வரிசையில் போயிருக்கிறது என்று பாருங்கள். அந்தத் தாம்பரம் பெண் இசிஇ, ஐந்தாம் செமஸ்டர். முதல் செமஸ்டரில் மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ் (எல்லோரும் எம்1 என்பது), மூன்றில் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ், நான்கில் எலக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட்ஸும் டிஜிட்டல் சிக்னல் பிராசசிங்கும் (டிஎஸ்பி) அரியர். நாலு தாள் என்று வீடே கலங்கிப்போயிருந்தது. ஆனால் நான்கும் ஒரே சங்கிலி: எம்1-இல் இன்டக்ரேஷன் உறுதியாக இல்லாமல் சிக்னல்ஸ் வராது, சிக்னல்ஸ் இல்லாமல் டிஎஸ்பி வராது, ஃபீல்ட்ஸ் தாள் முழுக்க வெக்டர் கால்குலஸ். அதே பெண் எலக்ட்ரானிக் டிவைசஸ் அண்ட் சர்க்யூட்ஸ் தாளிலும் சி புரோகிராமிங் தாளிலும் நல்ல கிரேடு வாங்கியிருந்தாள். அப்படியென்றால் அவளுக்குத் துறை பிடிக்காமலும் இல்லை, மூளை போதாமலும் இல்லை. கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது.

அடுத்து இன்டர்னலையும் எக்ஸ்டர்னலையும் (பல்கலைக்கழகத் தேர்வு மதிப்பெண்) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்டர்னல் நன்றாக இருந்து பல்கலைக்கழகத் தேர்வில் மட்டும் விழுந்தால் பெரும்பாலும் நேரமோ, பதற்றமோ, விடை எழுதும் முறையோதான் பிரச்சினை. இரண்டுமே குறைவு என்றால் பாடமே ஏறவில்லை. இன்டர்னல் ஒரு செமஸ்டரில் மட்டும் திடீரென்று விழுந்திருந்தால் அந்த மாதங்களில் என்ன நடந்தது என்று மெதுவாகக் கேளுங்கள், அம்மாவின் ஆபரேஷனோ ஹாஸ்டல் மாற்றமோ ஏதாவது வெளியே வரும்.

விடைத்தாள் நகலை மட்டும் எப்படியாவது வாங்கிப் பாருங்கள். ரிசல்ட் வந்தபின் சில நாள் மட்டுமே அதற்கான ஜன்னல் திறந்திருக்கும், கல்லூரி வழியாகப் பணம் கட்ட வேண்டும். மதிப்பெண் ஏறும் என்ற நம்பிக்கைக்காக மட்டும் வாங்குகிறார்கள், அதைவிட அவள் எப்படித் தோற்கிறாள் என்று கண்ணால் பார்க்க அதுதான் ஒரே வழி. இந்தப் பெண்ணின் சிக்னல்ஸ் நகலில் இரண்டு மதிப்பெண் கேள்விகள் ஏறக்குறைய எல்லாம் சரி. ஃபோரியர் சீரீஸ் கணக்கை ஒழுங்காக ஆரம்பித்திருக்கிறாள், பகுதி பகுதியாக இன்டக்ரேட் பண்ணும் இடத்தில் ஒரு மைனஸ் விட்டுப் போயிருக்கிறது, விடை ஒத்துவராததால் பாதியில் குறுக்கே அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறாள். அடிக்காமல் விட்டிருந்தால் படிக்குப் படி மதிப்பெண் விழுந்திருக்கும். கடைசியில் வரும் 15 மதிப்பெண் பார்ட் சி கேள்விக்கு வெற்றுப் பக்கம்.

தமிழ் வழியில் 12 வரை படித்து வந்த பெண்களிடம் வேறொன்றும் தெரியும். படம் சரியாக வரைந்திருப்பார்கள், சமன்பாடு சரியாக இருக்கும், விளக்கம் இரண்டு வரியில் நின்றுவிடும், ஆங்கிலத்தில் நீட்டி எழுத வராததால். அதைப் பாடம் புரியவில்லை என்று எடுத்துக்கொண்டு டியூஷனுக்கு அனுப்பினால் பணம்தான் போகும். அவர்களுக்கு வேண்டியது தினம் ஒரு 13 மதிப்பெண் விடையைக் கையால் எழுதிப் பார்க்கும் பழக்கம்.

4. காரணத்தை ஒரே வரியில் எழுதி, இரண்டு வாரம் சோதியுங்கள்

"எம்1 அடிப்படை இல்லை, படிக்க நேரமும் இல்லை." இப்படி ஒரு வரி, அவள் கையெழுத்தில், அவள் ஒப்புக்கொண்டு. ஒரே வரியில் வரவில்லை என்றால் படி 2-க்குத் திரும்புங்கள்.

எழுதியது ஊகம்தான், அதனால் சோதிக்க வேண்டும். சங்கிலியின் முதல் தாளில் ஒரே ஒரு யூனிட்டை எடுத்து, அதற்கு மட்டும் தினம் ஒன்றரை மணி நேரம், வீட்டு வேலை அந்த நேரத்தில் இல்லாமல், இரண்டு வாரம். நேரம் கிடைத்ததும் கணக்கு வந்துவிட்டால் காரணம் சரி. நேரம் இருந்தும் உட்காரவே பிடிக்கவில்லை, சர்க்யூட் என்றாலே எரிச்சல், ஆனால் அதே நேரத்தில் வேறு எதையோ தானாகத் தேடிப் படிக்கிறாள் என்றால், அது துறை பொருந்தாத கேஸாக இருக்கலாம். இந்தச் சோதனைக்கு முன்னால் "உனக்கு இது செட் ஆகாது" என்று யாரையும் சொல்ல விடாதீர்கள். தோற்றுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் எந்தப் பாடமும் பிடிக்காதுதான்.

5. விதிகளையும் தேதிகளையும் கையில் எடுங்கள்

தியரி தாளுக்கு இன்டர்னல் 40, எக்ஸ்டர்னல் 60. எக்ஸ்டர்னல் 100-க்கு நடந்து 60-க்குச் சுருங்கும். அந்த 100-இல் குறைந்தது 45 வேண்டும், இரண்டும் சேர்ந்து மொத்தம் 50 வர வேண்டும். முதல் தடவை அரியர் எழுதும்போது பழைய இன்டர்னலே கூட வருவதால் ஒவ்வொரு தாளுக்கும் அவளுக்கென்று ஒரு தனி இலக்கு உண்டு. இன்டர்னல் 30 என்றால் தேர்வில் 45 போதும். 22 என்றால் 47. 16 என்றால் 57. வெறும் 12 என்றால் 64 எடுக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டாமல் "அடுத்த தடவை நல்லாப் படி" என்று சொல்வதில் பிரயோஜனமே இல்லை.

வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும். 65-க்கும் 75-க்கும் நடுவில் என்றால் மருத்துவம் போன்ற காரணத்துக்குச் சான்றோடு கேட்கலாம், அதற்கும் கீழே போனால் தேர்வு எழுத முடியாது, அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டியிருக்கும். மூன்று அரியரைவிட அது பெரிய இழப்பு. அதனால் "அரியருக்குப் படிக்க லீவு போட்டேன்" என்று ஆரம்பிக்கும் பெண்ணை அன்றைக்கே நிறுத்துங்கள்.

படிப்பை முடிக்க மொத்தம் 7 வருடம் அவகாசம் இருக்கிறது. 5 வருடத்துக்குள் முடித்து சிஜிபிஏ (எல்லா செமஸ்டரும் சேர்ந்த சராசரி) 6.5 இருந்தால், வழியில் அரியர் இருந்திருந்தாலும் முதல் வகுப்பு கிடைக்கும். நிறைய பெண்கள் ஒரு அரியர் வந்ததுமே ஃபர்ஸ்ட் கிளாஸ் போய்விட்டது என்று நினைத்து மனம் விட்டுவிடுகிறார்கள். போவது 'டிஸ்டிங்ஷன்' மட்டும்தான்.

உடம்பு முடியாத செமஸ்டரில் தேர்விலிருந்து விலகல் கேட்கலாம், அது படிப்புக் காலத்தில் ஒரே ஒரு முறை. நீண்ட சிகிச்சை என்றால் முறையாக அனுமதி வாங்கிய இடைவெளியும் உண்டு. இரண்டையும் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும், சொல்லாமல் நின்றுவிட்டுப் பிறகு போனால் யாராலும் உதவ முடியாது. ஹெச்ஓடி-யிடம் (துறைத் தலைவர்) போகும்போது கூடவே போங்கள், ஆனால் பேச்சை அவளே தொடங்கட்டும்.

6. தொடர்வதா, மாறுவதா, விடுவதா: வருடக் கணக்குப் போடுங்கள்

உணர்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு ஒரு காகிதத்தில் வருடங்களை எழுதுங்கள். முதல் வருடத்தில் இருக்கிறாள், துறை உண்மையாகவே பொருந்தவில்லை, படி 4-இன் சோதனையும் அதையே சொல்கிறது என்றால் மாறுவது நல்லது. கல்லூரிக்குள்ளேயே வேறு துறையில் இடம் இருக்கிறதா, மாற என்ன நிபந்தனை என்று அலுவலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் பிசிஏ, பி.காம், பி.எஸ்சி என்று புதிதாகச் சேரலாம். அரசு கலைக் கல்லூரிகளுக்கான ஆன்லைன் விண்ணப்பம் 12-ஆம் வகுப்பு ரிசல்ட்டை ஒட்டித்தான் திறக்கும், அதைத் தவறவிட்டால் ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டும். ராணி மேரி, பாரதி மகளிர், காயிதே மில்லத் மகளிர் கல்லூரி எல்லாம் கட்டணம் குறைவான இடங்கள்.

ஐந்தாம் செமஸ்டர் தாண்டியவள் விட்டால் கணக்கு வேறு. இரண்டரை வருடம் போனது போக, புதிய டிகிரிக்கு இன்னும் மூன்று வருடம். தொடர்ந்தால் ஒன்றரை வருடம், அரியருக்காகக் கூட ஒரு வருடம் என்றே வைத்துக்கொண்டாலும் இரண்டரைதான். அதோடு, டிஎன்பிஎஸ்சி குரூப் 2, எஸ்எஸ்சி சிஜிஎல், வங்கி பிஓ, டான்செட் நுழைவுத் தேர்வு வழியாக எம்பிஏ என்று பலவற்றுக்கும் ஏதாவது ஒரு டிகிரி போதும், இசிஇ-யா சிவிலா என்று யாரும் பார்ப்பதில்லை. அதனால் மூன்றாம் வருடத்தில் இருப்பவளிடம் நான் பெரும்பாலும் முடிக்கவே சொல்வேன், துறை பிடிக்காவிட்டாலும்.

இதற்கு விதிவிலக்கு, கல்லூரிக்குப் போவதே உடம்பையோ மனதையோ கெடுக்கிறது என்கிற நிலை. அங்கே வருடக் கணக்கு செல்லாது. முதலில் இடைவெளி, சிகிச்சை, அப்புறம் பேசலாம். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க வேண்டிய நிலைமை என்றால் சைதாப்பேட்டையில் உள்ள தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி ஆகியவை உண்டு. 10, 12 முடித்து முறையாகப் படித்த டிகிரிதான் அரசுத் தேர்வுகளுக்குச் செல்லும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

விட்டு விலகுவது என்று முடிவானால் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது, 2018-இலேயே யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அதை அறிவிப்பாக வெளியிட்டிருக்கிறது. கேட்பதைக் கடிதமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

7. அரியரை முடிக்கும் திட்டம்

சங்கிலியில் முதலில் இருப்பதை முதலில் எடுங்கள், எது சுலபமோ அதை அல்ல. எம்1 முடியாமல் டிஎஸ்பி-யைத் திரும்பத் திரும்ப எழுதுவது தேர்வுக் கட்டணத்துக்குத்தான் கேடு. ஒரு செமஸ்டரில் நடப்புத் தாள்களோடு இரண்டு அரியருக்கு மேல் குறி வைக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் பதிவு செய்யலாம், தயாரிப்பு இரண்டுக்கு மட்டும்.

கேள்வித்தாள் அமைப்பைப் பயன்படுத்துங்கள். பார்ட் ஏ பத்து கேள்வி, தலா 2. பார்ட் பி ஐந்து கேள்வி, தலா 13, ஒவ்வொன்றிலும் இது அல்லது அது. பார்ட் சி ஒன்று, 15. பாடத்தில் ஐந்து யூனிட், பொதுவாக ஒவ்வொரு யூனிட்டிலிருந்தும் இரண்டு சின்னக் கேள்வியும் ஒரு 13-உம் வரும். மூன்று யூனிட்டை முழுசாகவும் மீதி இரண்டில் சின்னக் கேள்விகளை மட்டும் படித்தால் 12-உம் 39-உம் 8-உம் சேர்ந்து 59 வரை எட்டலாம். 47 தேவைப்படும் தாளுக்கு அது நடக்கிற காரியம். 64 தேவைப்படும் தாளுக்கு நாலாவது யூனிட்டும் வேண்டும், பார்ட் சி-யையும் விட முடியாது. இப்படித் தாளுக்குத் தாள் திட்டம் வேறாக வரும்.

அப்புறம், இந்த நேரத்தில் புதிதாக எதையும் தலையில் ஏற்றாதீர்கள். சொந்தக்காரர்கள் அக்கறையோடுதான் சொல்வார்கள், "சும்மா இருக்கற நேரத்துல ஒரு டேட்டா சயின்ஸ் கோர்ஸ் சேர்த்து விடுங்களேன்" என்று. ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பி.எஸ். படிப்பு நல்ல படிப்புதான், ஆனால் கையில் நாலு அரியர் வைத்திருப்பவளுக்கு அது ஐந்தாவது சுமை.

8. இப்போது வேலையைப் பற்றிப் பேசுங்கள்

முதலில் காலண்டர். கேம்பஸ் இன்டர்வியூக்கள் பெரும்பாலும் ஏழாம் செமஸ்டர் தொடங்கும்போதே ஆரம்பித்துவிடும். பல ஐடி நிறுவனங்கள் 10, 12, டிகிரி மூன்றிலும் 60 சதவீதமும், அந்த நேரத்தில் நிலுவையில் அரியர் இல்லாமல் இருப்பதையும் கேட்கின்றன. அதனால் ஆறாம் செமஸ்டர் ரிசல்ட் வரும்போது பட்டியல் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதே இலக்கு. அது முடியாவிட்டால் கேம்பஸ் போகும், வேலை போகாது. வெளியே விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது. டிகிரி கையில் வந்தபின் என்ஏடிஎஸ் என்ற மத்திய அரசுத் திட்டம் வழியாக ஒரு வருட அப்ரன்டிஸ் பயிற்சி எடுக்கலாம், உதவித்தொகையோடு. தென்மண்டல அலுவலகம் தரமணியில்தான் இருக்கிறது. பெரிய ஐடி கம்பெனிகளில் வடிகட்டப்படும் பெண்ணுக்கு அனுபவம் என்று ஒரு வரி கிடைக்க இது நல்ல வழி, ஆனால் கல்லூரிகளில் இதைச் சொல்பவர்கள் குறைவு.

இசிஇ பெண்ணுக்கு சென்னையில் ஐடி மட்டும்தான் என்பதும் தப்பு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் உற்பத்தி வரிசையாக இருக்கிறது, தரக் கட்டுப்பாடு, டெஸ்டிங், புரொடக்ஷன் இன்ஜினியர் வேலைகள் அங்கே உண்டு. கிண்டி, அம்பத்தூர் எஸ்டேட்டுகளில் சின்ன கம்பெனிகள் பிசிபி (சர்க்யூட் போர்டு), எம்பெடட் (கருவிக்குள் ஓடும் புரோகிராம்) வேலைக்கு ஆள் எடுக்கும்போது சிஜிபிஏ-வைவிட "என்ன செஞ்சிருக்கே, காட்டு" என்றுதான் கேட்பார்கள். செமஸ்டர் லீவில் ரிச்சி தெருவுக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போய் ஒரு ஆர்டுயினோ போர்டும் நாலு சென்சாரும் வாங்கிக் கொடுங்கள். அவள் அதைப் பிரித்து வேலை செய்ய வைக்கிறாளா, பையிலேயே கிடக்கிறதா என்று பார்த்தாலே கோர் பக்கம் (படித்த துறையிலேயே வேலை) விருப்பம் இருக்கிறதா என்பது பாதி தெரிந்துவிடும்.

ஆசையை "என்ன ஆகணும்னு நினைக்கறே" என்று கேட்காதீர்கள், தெரியாது என்றுதான் சொல்வாள். அதற்குப் பதிலாக அந்த வேலையில் இப்போது இருக்கும் இரண்டு மூன்று பெண்களிடம் பேச வையுங்கள், ஷிஃப்ட் எப்படி, சம்பளம் கையில் எவ்வளவு வருகிறது, ராத்திரி வண்டி வருமா, மூன்று வருடம் கழித்து எங்கே இருக்கலாம் என்று. ஒரகடத்தில் வேலை பார்க்கும் சீனியர் ஒருத்தி அரை மணி நேரம் சொல்வது நீங்கள் மாதக் கணக்கில் சொல்வதைவிட உதவும்.

அரசுத் தேர்வு என்றால் தேதி குறித்துத்தான் இறங்க வேண்டும். குரூப் 4-க்கு 10-ஆம் வகுப்பே போதும், 200 கேள்வியில் 100 தமிழ். தமிழ் நன்றாக வரும் பெண்ணுக்கு அது உண்மையான வாய்ப்பு. ஆனால் டிகிரியைப் பாதியில் போட்டுவிட்டு அதற்கு மட்டும் உட்காருவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், போட்டி அவ்வளவு. டிகிரி முடித்து, எத்தனை முயற்சி, எந்த வயது வரை என்று முன்கூட்டியே பேசிவைத்துவிட்டு இறங்கட்டும்.

பணம் கேட்கும் இடங்களில் கவனம். நகரம் முழுக்க "நூறு சதவீத பிளேஸ்மென்ட்" போர்டுகள் இருக்கின்றன. அரியர் இருக்கும் பெண்ணின் பெற்றோரைத் தேடி வந்து "பேக்டோர்ல போட்டுத் தர்றோம்" என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களும் இருக்கிறார்கள். வேலை கொடுப்பவர் பணம் கேட்டாலும், அசல் சான்றிதழைக் கேட்டாலும் அங்கேயே எழுந்து வந்துவிட வேண்டும்.

9. பெற்றோரிடம் பேசும் நாள்

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கையில் திட்டம் இல்லாமல் போனால் அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும்: "படிப்பு வரலன்னா நல்ல இடமாப் பார்த்து முடிச்சிடலாம்." அந்தப் பயத்தில்தான் பல பெண்கள் ரிசல்ட்டையே மறைக்கிறார்கள்.

அவளோடு சேர்ந்து போங்கள். எத்தனை அரியர் என்பதை அவளே சொல்லட்டும், முழு எண்ணிக்கை. உடனே நீங்கள் ஒரே ஒரு பக்கக் காகிதத்தை எடுத்து வையுங்கள்: எந்தத் தாள், எந்தத் தேர்வில், எத்தனை மதிப்பெண் இலக்கு, டிகிரி எந்த மாதம் முடியும். அப்பாக்கள் பெரும்பாலும் கோபப்படுவதைவிடப் பயப்படுகிறார்கள், முடியும் தேதி ஒன்று கண்ணில் பட்டால் குரல் இறங்கும். கல்யாணப் பேச்சு வந்தால் சண்டை போடாதீர்கள், அந்தத் தேதி வரை தள்ளிவையுங்கள் என்று கேளுங்கள், அம்மாவின் முன்னால் கேளுங்கள்.

வீட்டிடம் குறிப்பாக ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். "சப்போர்ட் பண்ணுங்க" என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் மாறாது. ராத்திரி எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை அவளைக் கூப்பிடக் கூடாது, அந்த வேலையைத் தம்பி செய்வான், என்று தெளிவாகப் பேசி முடியுங்கள். வீட்டில் இடமே இல்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள், சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி அங்கே இருக்கிறது.

10. அதற்குப் பிறகு

வாரத்துக்கு ஒரு ஃபோன், பத்து நிமிடம், ஒரே கேள்வி: இந்த வாரம் எந்த யூனிட், எழுதிப் பார்த்த விடையை ஃபோட்டோ எடுத்து அனுப்பு. "படிச்சியா" என்று கேட்டால் ஆமாம் என்று வரும், ஃபோட்டோவில் பொய் வராது. இரண்டு வாரம் தொடர்ந்து ஃபோட்டோ வராவிட்டால் திட்டாமல் நேரில் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் வீட்டில் ஏதோ மாறியிருக்கும்.

ரிசல்ட் வரும் நாளில் அவள் தனியாக இருக்க வேண்டாம். அன்றைக்கு நீங்கள் போகலாம், முடியாவிட்டால் விவரம் தெரிந்த தோழி பக்கத்தில் இருக்கட்டும். போன தாளுக்கு விடைத்தாள் நகல் கேட்கும் கடைசித் தேதியை அன்றே குறித்துவிடுங்கள், மறுமதிப்பீடு அதற்கடுத்த கட்டம், நகல் வாங்கியவர்களுக்குத்தான். நகல் கையில் வந்ததும் படி 3-ஐ அந்தத் தாளுக்கு மட்டும் திரும்பச் செய்து, வரவேண்டிய மதிப்பெண் விட்டுப் போயிருக்கிறது என்று அந்தப் பாடம் நடத்தும் ஆசிரியர் சொன்னால் மட்டும் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுங்கள்.